பார்பெல்லை எப்போது கீழே வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 36. மூன்று வருடமாக ஜிம்மில் குழுப் பயிற்சிக்குப் போகிறேன். தோழியோடு ஜோடியாக இரண்டு போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறேன். இரண்டிலும் நடுவில் எங்கோ வந்தோம், சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த முறை அவளால் வர முடியவில்லை. ஏதோ ஒரு வேகத்தில் தனிநபர் பிரிவில் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஒரே நாளில் நான்கு ஈவென்ட். முதலாவது, 200 மீட்டர் ரோயிங் (துடுப்பு இழுக்கும் மெஷின்), 12 வால் பால் (கனமான பந்தோடு குந்தி எழுந்து சுவரில் எறிவது), 8 பர்ப்பி (தரையில் நெஞ்சு படப் படுத்து எழுந்து குதிப்பது) என்று 12 நிமிடத்தில் எத்தனை சுற்று முடியுமோ அத்தனை. இரண்டாவது, 8 நிமிடத்துக்குள் அதிகபட்ச எடையில் ஒரு கிளீன் (பார்பெல்லைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது). மூன்றாவது, 21-15-9 த்ரஸ்டரும் (பார்பெல்லோடு குந்தி எழுந்து தலைக்கு மேல் தள்ளுவது) புல்-அப்பும், அதாவது இரண்டிலும் முதலில் 21, பிறகு 15, பிறகு 9; 10 நிமிடக் கெடு. நான்காவதை அன்றைக்குத்தான் சொல்வார்களாம். எனக்குச் சேர்ந்தாற்போல நான்கு புல்-அப்புக்கு மேல் வராது. ஜோடிப் போட்டியில் அதையெல்லாம் தோழி பார்த்துக்கொள்வாள். “பணம் கட்டித் தோற்றுவிட்டு வரணுமா?” என்கிறார் கணவர். “போ, அனுபவம் கிடைக்கும்” என்கிறார் கோச். அந்த அனுபவத்தில் அப்படி என்னதான் கிடைக்கும்? கடைசியாக வந்தால் எப்படித் தாங்குவது? ஆர்எக்ஸ் (முழு எடை, முழு அசைவு) பிரிவிலிருந்து ஸ்கேல்டு (எடையும் அசைவும் எளிதாக்கியது) பிரிவுக்கு மாறிக்கொள்ள இன்னும் பத்து நாள் இருக்கிறது. மாறலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் ஸ்கேல்டு பிரிவுக்கு மாறிக்கொண்டு போங்கள். பத்து நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். எந்தப் பிரிவு என்று தெரியாதவரை எந்த எடையில் பயிற்சி செய்வது என்பதும் தெரியாது.

ஏன் ஸ்கேல்டு என்கிறேன்? மூன்றாவது ஈவென்ட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 21-15-9 என்றால் மொத்தம் 45 புல்-அப். களைப்பே இல்லாத நேரத்தில் நான்குதான் வரும் என்றால், த்ரஸ்டர் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு பாரைப் பிடிக்கும்போது ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒன்றுக்கு 9 வினாடி என்று வைத்தாலும் 45-க்கு ஏழு நிமிடத்தை நெருங்கிவிடும். த்ரஸ்டருக்கு எப்படியும் மூன்று நிமிடம் வேண்டும். ஆக எல்லாமே நல்லபடியாக நடந்தால்கூட பத்து நிமிடக் கெடுவில் தொங்கலில்தான் முடியும். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி பாருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதிலேயே போய்விடும். கடைசியில் தெரியவருவது “எனக்குப் புல்-அப் வராது” என்பதுதான். அதை நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டீர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஒரு போட்டி வேண்டாம்.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. அறிவித்திருக்கும் ஈவென்ட்டில் மிகப் பெரிய செட் எவ்வளவோ, அதில் மூன்றில் ஒரு பங்காவது களைப்பில்லாத நிலையில் ஒரே மூச்சில் வர வேண்டும். 21 என்றால் ஏழு. வரவில்லை என்றால் இந்த முறை ஸ்கேல்டு. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இந்த மாதிரிப் பயிற்சிக்குப் பெயர்போன கிராஸ்ஃபிட்டில், யாரும் கலந்துகொள்ளக்கூடிய ‘ஓப்பன்’ போட்டி 2011-ல் தொடங்கியபோது ஸ்கேல்டு என்று தனிப் பிரிவே கிடையாது. 2015-ல்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நுழைய நினைக்கிறவர்கள் எல்லோராலும் ஆர்எக்ஸ் எடையும் அசைவும் செய்ய முடியாது, ஆனால் அவர்களுக்கும் போட்டி போடத் தெரியும் என்பது புரிந்த பிறகு வந்த பிரிவு அது. அங்கே நீங்கள் உண்மையிலேயே ஓட முடியும். பக்கத்து லேனில் இருப்பவரோடு ஒரு ரெப், இரண்டு ரெப் (ஒரு அசைவை ஒரு தடவை முழுசாகச் செய்வது ஒரு ரெப்) வித்தியாசத்தில் மோத முடியும். அந்த நெருக்கடியில்தான் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

உங்கள் கோச் “அனுபவம்” என்று ஒரே வார்த்தையில் சொன்னதை நான் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். ஜோடிப் போட்டியில் நீங்கள் செய்யும்போது தோழி நிற்பாள், தோழி செய்யும்போது நீங்கள் நிற்பீர்கள். ஓய்வு தானாக வந்து சேரும். எப்போது நிறுத்துவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. “மாத்து” என்று ஒருவர் கத்தினால் போதும். தனிநபர் போட்டியில் அந்தக் குரல் கிடையாது. பார்பெல்லை எப்போது கீழே வைப்பது, எத்தனை மூச்சுக்குப் பிறகு மறுபடி எடுப்பது என்ற முடிவு முழுக்க உங்களுடையது. அதுவும் நெஞ்சு படபடக்க, தொடை எரிய, பக்கத்தில் பத்துப் பேர் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டிய முடிவு. பலமும் மூச்சும் ஜோடிப் போட்டியிலேயே உங்களிடம் இருந்தவைதான். இந்த முடிவெடுப்பு மட்டும்தான் புதிது. ஆறு வாரத்தில் பழக வேண்டியதும், போட்டி முடிந்து திரும்பிப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

முதல் ஈவென்ட்டையே எடுத்துக்கொள்வோம், இதில் நிறைய இருக்கிறது. ரோயிங் மெஷினில் 500 மீட்டருக்கு 2:15 என்ற வேகத்தில் இழுத்தால் 200 மீட்டர் 54 வினாடி. 2:00 என்ற வேகத்தில் இழுத்தால் 48 வினாடி. வித்தியாசம் ஆறே ஆறு வினாடி. அந்த ஆறு வினாடிக்கு என்ன விலை தெரியுமா? மெஷினில் வேகத்தைக் கூட்டக் கூட்டத் தேவையான பவர் அந்த வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்ப ஏறும். 2:15-க்கு சுமார் 142 வாட் போதும். 2:00-க்கு சுமார் 203 வாட் வேண்டும். நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக உழைத்து ஆறு வினாடி சம்பாதிக்கிறீர்கள். பிறகு வால் பால் முன்னால் போய், பந்தைக் கையில் எடுக்காமல், இடுப்பில் கை வைத்துப் பத்துப் பதினைந்து வினாடி நிற்கிறீர்கள். அத்தனை பாடுபட்டும் நஷ்டம்தான். தனிநபர் போட்டிக்கு முதல் தடவை வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ரோயிங்கில் பக்கத்து ஆளை முந்துவது கண்ணுக்குத் தெரிகிறது, பந்து முன்னால் நின்ற நேரம் கணக்கில் தெரிவதில்லை.

அதனால் அந்த ஈவென்ட்டை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். ரோயிங் 54 வினாடி, வால் பால் 30 வினாடி, பர்ப்பி ஒன்றுக்கு நான்கு வினாடி வீதம் 32 வினாடி, இடம் மாற, மெஷினில் கால் பட்டையை மாட்டிக் கழற்ற 20 வினாடிக்கும் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்கு சுமார் 2:20 ஆகும். 12 நிமிடத்தில் ஐந்து சுற்று முடித்து ஆறாவதில் கால் வைப்பீர்கள். முதல் சுற்று 2:20-க்கு முன்னால் முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். நான்காவது சுற்றுக்குப் பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால் அப்போது அவிழ்த்துவிடுங்கள். இந்த எண்கள் என் ஊகம்தான். உங்கள் ஜிம்மில் இரண்டு சுற்று செய்து பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். கால் பட்டையை முழுக்க இறுக்காமல், பாதம் உருவி எடுக்கிற அளவுக்கு விட்டாலே சுற்றுக்கு இரண்டு மூன்று வினாடி மிஞ்சும். இழுப்பதை விட இது சுலபமான மிச்சம்.

இரண்டாவது ஈவென்ட், அதிகபட்ச கிளீன். இதில் பலமாக இருக்கிறவர்களை விட நிதானமாக இருக்கிறவர்கள் நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு கனமான தூக்குக்கு உடம்பு பயன்படுத்துவது தசையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஃபாஸ்ஃபோகிரியேட்டின் இருப்பை. அது சில வினாடிகளில் கரைந்துவிடும், பெருமளவு மீண்டு வர மூன்று நிமிடம் போல ஆகும். ஆகவே 8 நிமிடத்தில் உருப்படியான முயற்சி மூன்று, மிஞ்சிப் போனால் நான்கு. உங்கள் இதுவரையான அதிகபட்சம் 50 கிலோ என்று வைத்துக்கொண்டால், முதல் முயற்சி 42.5. தூக்கம் சரியில்லாத நாளிலும் தவறாத எடை அது. இரண்டாவது 47.5. மூன்றாவது 50 அல்லது 52.5, அது இரண்டாவது எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. பெண்களுக்கான பார் 15 கிலோ, ஆண்களுக்கானது 20 கிலோ. எது வைப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பக்கத்துக்கு எந்த பிளேட் என்பதைக் காகிதத்தில் எழுதி எடுத்துப்போங்கள். மூச்சு வாங்கும்போது கூட்டல் கணக்கு வராது. பட்டதாரிகளுக்கும் வராது.

மூன்றாவது, 21-15-9. கிராஸ்ஃபிட்டில் ‘ஃப்ரான்’ என்ற பெயரில் இது ரொம்பப் பிரபலம். வழக்கமான எடை ஆண்களுக்கு 43 கிலோ, பெண்களுக்கு சுமார் 30. ஸ்கேல்டு பிரிவில் பார்பெல்லும் லேசாக இருக்கும், புல்-அப்புக்குப் பதில் பெரும்பாலும் குதித்து ஏறும் புல்-அப் இருக்கும். ‘லேசுதானே’ என்று 21 த்ரஸ்டரையும் ஒரே மூச்சில் முடிக்கத் தோன்றும். முடித்தும்விடுவீர்கள். அடுத்த 15-ல் ஆறு செய்ததும் பார்பெல் கையை விட்டு நழுவும். நழுவிய பார்பெல்லை மறுபடி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நான் போட்டிகளில் ஓரமாக நின்று பார்ப்பது வழக்கம். தானாகத் திட்டமிட்டு வைத்தவர் ஐந்து மூச்சில் குனிகிறார். முடியாமல் போட்டவர் முதலில் ஒரு அடி பின்னால் போகிறார், பிறகு தொடையில் கை ஊன்றுகிறார், அப்புறம் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாக்பீஸ் மாவு டப்பா வரை போய் ஏற்கெனவே மாவு இருக்கும் கையில் மறுபடி மாவு பூசுகிறார், திரும்பி வந்து பார்பெல்லைப் பார்க்கிறார். அதற்குள் இருபது வினாடி போயிருக்கும். ஒரு ரெப் கூடச் செய்யும் சக்தி இருக்கும்போதே கீழே வைப்பதுதான் திறமை. 21-ஐ 12, 9 என்று பிரியுங்கள். 15-ஐ 8, 7 என்று. கடைசி 9 ஒரே செட். இடையில் ஐந்து மூச்சு, எண்ணி ஐந்து. இதை எந்த நெருக்கடியிலும் மாற்றாமல் செய்ய முடிகிறதா என்பதுதான் அன்றைக்கு உங்களுக்கு வைக்கும் உண்மையான சோதனை.

குதித்து ஏறும் புல்-அப்பில் ஒரு எச்சரிக்கை. மேலே போனதும் கையால் தாங்கிக்கொண்டு மெதுவாக இறங்காதீர்கள். கால் வேகமாகத் தரையில் படட்டும். தசை நீண்டபடியே பாரம் தாங்குவதுதான் அதிகச் சேதம் செய்கிறது. பழக்கமில்லாத கைகள் அப்படி நூற்றுக்கணக்கில் செய்தால், அரிதாகத் தசை நார்கள் உடைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் ராப்டோமயோலிசிஸ் வரை போயிருக்கிறது. போட்டிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி இருப்பது சகஜம். 24-லிருந்து 72 மணி நேரத்துக்குள் அது உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆனால் கை வீங்கி மடக்கவே முடியவில்லை, சிறுநீர் கோலா நிறத்தில் போகிறது என்றால் ஒத்தடம், மாத்திரை என்று வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, பயிற்சியின்போது எப்போதாவது நெஞ்சு வலி, மயக்கம் வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் மாரடைப்பில் போயிருந்தாலோ, போட்டிக்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான்காவது ஈவென்ட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தெரியாததற்குத் தயாராவதில் நேரம் போக்க வேண்டாம், மற்ற மூன்றையும் முடித்த பிறகு அதற்கு உடம்பில் ஏதாவது மீதி இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

ஆறு வாரத்தில் என்ன செய்வது? அறிவித்த ஈவென்ட்டுகளை வாரா வாரம் முழுசாகச் செய்து பார்க்காதீர்கள். எல்லோரும் செய்வது இதைத்தான். ஐந்து வாரத்தில் ஐந்து தடவை செய்து, போட்டி நாளில் மனமும் உடம்பும் சலித்துப்போய் நிற்பார்கள். முதல் மூன்று வாரம் துண்டு துண்டாக எடுங்கள். இரண்டு சுற்று மட்டும், சொன்ன வேகத்தில். த்ரஸ்டரில் 12, ஐந்து மூச்சு, 9. அவ்வளவுதான். நான்காவது வாரம் ஒரு நாள் மட்டும் ஒத்திகை. காலையில் ஒரு ஈவென்ட், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று, இடையில் சாப்பாடு, மறுபடி வார்ம்-அப். பக்கத்தில் ஒருவர் கறாராக எண்ண வேண்டும். த்ரஸ்டரில் இடுப்பு மடிப்பு முழங்காலுக்குக் கீழே போகவில்லையா, மேலே முழங்கை நிமிரவில்லையா, ‘நோ-ரெப்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பர்ப்பியில் நெஞ்சு தரையைத் தொடவில்லையா, நோ-ரெப். தோழிக்குப் போட்டிக்கு வர முடியாவிட்டாலும் இதற்கு வர முடியும், கூப்பிடுங்கள். ஜிம்மில் நம் ஆட்கள் நம்மீது இருக்கும் பாசத்தில் அரைகுறை ரெப்பையும் எண்ணிவிடுவார்கள். போட்டியில் ஜட்ஜ் எண்ண மாட்டார். உழைப்பு செலவாகும், எண்ணிக்கை ஏறாது, அதோடு கோபமும் வரும். அந்தக் கோபத்தை ஒத்திகையிலேயே ஒருமுறை அனுபவித்துவிடுவது நல்லது.

ஐந்தாவது வாரம் வழக்கம்போல. கடைசி ஏழு பத்து நாளில் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தையும் எடையையும் குறைக்காதீர்கள். பத்துச் செட் செய்த இடத்தில் ஐந்து, ஆனால் அதே கனம். ‘சும்மா இருக்கிறோமே’ என்று கை அரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் புது அசைவு, புது ஷூ, புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. போட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் மாவுச்சத்து, உங்கள் வயிறு ஏற்கெனவே பழகியிருக்கும் உணவிலிருந்து. 60 கிலோ என்றால் 60 முதல் 120 கிராம். ஈவென்ட்டுகளுக்கு நடுவில் பசி தெரியாவிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பதற்றம் பசியை மறைத்துவிடும், மூன்றாவது ஈவென்ட்டில் அது தெரியும். தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும், பயத்தில் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான். காஃபின் பழக்கம் இல்லாதவர் அன்றைக்குத் தொடங்க வேண்டாம்.

போட்டி நாளில் ஒரே ஒரு விஷயம் ஜிம்மிலிருந்து ரொம்ப வித்தியாசமாக இருக்கும், காத்திருப்பு. உங்கள் ஹீட் (ஒரே நேரத்தில் களம் இறங்கும் குழு) 10:40 என்று போட்டிருக்கும். 10:25-க்கே கூப்பிட்டு வரிசையில் நிற்க வைப்பார்கள், முந்தைய ஹீட் தாமதமாகும், வார்ம்-அப்பில் சூடான உடம்பு அங்கேயே ஆறிவிடும். அதனால் வார்ம்-அப்பைச் சீக்கிரம் தொடங்கி, வரிசைக்குப் போகும்போதும் மேல்சட்டையைக் கழற்றாமல், நின்ற இடத்திலேயே குந்தி எழுந்து உடம்பைச் சூடாக வைத்திருங்கள். நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது பயம் என்று நீங்கள் நினைத்தாலும், உடம்பு தயாராகிறது என்பதும் அதுவேதான். அதை அடக்க முயல வேண்டாம். முதல் ஒரு நிமிடத்துக்கு மட்டும் ஒரு எண்ணை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள், ‘2:15, 2:15’ என்று. விசில் அடித்ததும் எல்லோரும் பாய்வார்கள். நீங்கள் உங்கள் எண்ணைப் பாருங்கள்.

ஜட்ஜ் நோ-ரெப் கொடுத்தால் வாதாடாமல் அடுத்த ரெப்பைச் செய்யுங்கள். முடிந்த பிறகு ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் எண்ணிக்கையை ஒருமுறை சரிபாருங்கள், டை-பிரேக் நேரம் (இரண்டு பேர் சமமாக வந்தால் யார் முன்னால் என்று தீர்மானிக்கும் நேரம்) எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் எடுபடாது. அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி நீங்கள் கேட்ட கடினமான கேள்வி. கடைசியாக வந்தால்?

வலிக்கும். “அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை” என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஆறு வாரம் உழைத்துவிட்டுப் பட்டியலின் அடியில் நம் பெயரைப் பார்ப்பது வலிக்கத்தான் செய்யும். எல்லோரும் முடித்துவிட்டு நிற்க, நீங்கள் மட்டும் பர்ப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது கூட்டம் முழுக்கக் கைதட்டும். அந்தக் கைதட்டல் சிலருக்குத் தெம்பு தரும், சிலருக்குக் கூசும். கூசினால் தப்பில்லை. ஜட்ஜின் எண்ணிக்கையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு முடியுங்கள். முடிந்ததும் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள், சாப்பிடுங்கள், அடுத்த ஈவென்ட்டுக்கு வார்ம்-அப் தொடங்குங்கள். பல போட்டிகளில் ஒவ்வொரு ஈவென்ட்டிலும் எடுத்த இடத்துக்குத்தான் புள்ளி, ஒன்றில் சறுக்கினால் மற்றதில் பிடிக்கலாம். மூன்று ஈவென்ட்டில் நடுவில் வந்து ஒன்றில் கடைசியாக வந்தவர்கள், வீட்டுக்குப் போகும்போது அந்த ஒன்றை மட்டுமே நினைத்துக்கொண்டு போவார்கள். அன்று இரவு பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நினைவு பசுமையாக இருக்கும்போதே உட்காருங்கள். கோச் சொன்ன அனுபவம் கைக்கு வருவது இங்கேதான். உங்கள் கணவரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு ஈவென்ட்டையும் முழுசாக வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு வேலை இருக்கும், “பணம் கட்டித் தோற்க” போகிறவள் அங்கே என்ன செய்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்த மாதிரியும் இருக்கும். அந்த வீடியோவை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சை வைத்து நீங்கள் எதையும் பிடிக்காமல் நின்ற நேரத்தை மட்டும் கூட்டுங்கள். 12 நிமிடத்தில் இரண்டு நிமிடம் நின்றிருந்தால், உங்களுக்கும் உங்களுக்கு மேல் வந்த நாலைந்து பேருக்கும் உள்ள தூரம் அந்த இரண்டு நிமிடத்துக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து ஒவ்வொரு சுற்றுக்கும் எடுத்த நேரம். இரண்டாவது சுற்றை விடக் கடைசிச் சுற்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீண்டிருந்தால் ஆரம்பத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள். எல்லாச் சுற்றும் ஒரே நேரம், ஆனால் எல்லாமே மெதுவு என்றால் முடிவுகள் சரி, மூச்சைத்தான் வளர்க்க வேண்டும்.

இழந்த ஒவ்வொரு ரெப்புக்கும் காரணத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பலமோ மூச்சோ போதாமல் போனதா, அசைவே சரியாக வராமல் போனதா, வேகத்தைத் தப்பாக முடிவு செய்ததா, இல்லை விதியைப் படிக்காதது, வார்ம்-அப் ஆறிப்போனது, சாப்பிடாதது போன்றதா. மூன்றாவதும் நான்காவதும் அடுத்த போட்டிக்குள் சரியாகிவிடும், அதற்கு ஒரு கிலோ பலம்கூடக் கூட்ட வேண்டாம். இரண்டாவதற்குச் சில மாதம். முதலாவதற்கு ஒரு வருடம்கூட ஆகலாம். எது எதில் விழுகிறது என்று தெரியாமல் “இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்யணும்” என்று மட்டும் முடிவெடுத்து ஜிம்முக்கு ஓடுகிறவர்கள், அடுத்த போட்டியிலும் அதே பந்து முன்னால் அதே பதினைந்து வினாடி நிற்கிறார்கள்.

ஒப்பிடும்போது முதலிடத்தில் வந்தவரோடு ஒப்பிடாதீர்கள், அதில் உங்களுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. உங்களுக்கு ஒன்றிரண்டு இடம் மேலே வந்தவரைப் பாருங்கள். முடிந்தால் அன்றைக்கே போய்ப் பேசுங்கள், “த்ரஸ்டரை எப்படிப் பிரித்தீர்கள்?” என்று கேளுங்கள். எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். இடம் என்பது அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஹைராக்ஸ் போன்ற போட்டிகளில் ஒரு வசதி உண்டு. 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் தொடங்கிய அதில் எங்கே போனாலும் ஒரு கிலோமீட்டர் ஓட்டம் எட்டு, நடுவில் எட்டு நிலையங்கள் என்று ஒரே அமைப்பு, அதனால் போன தடவை நேரத்தோடு இந்தத் தடவை நேரத்தை நேராக ஒப்பிடலாம். உங்கள் போட்டி மாதிரியானவற்றில் ஈவென்ட் ஒவ்வொரு தடவையும் மாறும். அந்த ஒப்பீட்டை நீங்களேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு வழி. போட்டி முடிந்த முதல் வாரம் லேசாக நடை, நீச்சல், தூக்கம். பயிற்சித் திட்டத்தை உடனே மாற்றாதீர்கள், வலியும் ஏமாற்றமும் இருக்கும்போது போடும் திட்டம் தண்டனை மாதிரி இருக்கும். பிறகு கோச்சோடு உட்கார்ந்து இரண்டே இரண்டு விஷயத்தை எடுங்கள். ஒன்று அநேகமாகப் புல்-அப்பாக இருக்கும். வாரம் மூன்று நாள், நான்குக்கு முன்னாலேயே நிறுத்தி, இரண்டும் மூன்றுமாகப் பல சின்னச் செட்டுகள். இன்னொன்று வீடியோ சொல்லும். மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து, அதே 21-15-9-ஐ அதே எடையில், அதே விதியில், அதே கறாரான ஆளை எண்ண வைத்துச் செய்யுங்கள். பழைய ஸ்கோர் ஷீட்டின் படத்தை அப்போது திறந்து பக்கத்தில் வையுங்கள். நேரம் குறைந்ததா என்பதை மட்டும் பார்க்காமல், நின்ற நேரத்தையும் மறுபடி கூட்டுங்கள். அன்றைக்குப் புல்-அப் ஏழு ஒரே மூச்சில் வந்துவிட்டால், அடுத்த போட்டியில் ஆர்எக்ஸ் பிரிவில் பெயர் கொடுங்கள்.